சாலையைக் கடக்கத் தெரியாத இன்ஜினியர்

அவள் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர வந்த முதல் நாளை என்னால் மறக்கவே முடியாது. ஒரு மொட்டைத் தலைக் கூட்டத்துக்கு நடுவில் வந்தாள்.

காலை பத்தேகால் இருக்கும். டைப்ரைட்டர் மேலிருந்த துணியை மடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு பெண், குடையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். நான் வந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாள். ஒரு காலைச் சாலையில் வைப்பாள். லாரி வரும். காலை எடுத்துக்கொள்வாள். மறுபடி வைப்பாள். ஷேர் ஆட்டோ வரும். யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இருபது பேர் வந்தார்கள். மலைக்குப் போய் இறங்கியவர்கள் எங்கள் ஊரில் சாலையைக் கடக்கிற விதமே தனி. இடதும் பார்க்க மாட்டார்கள், வலதும் பார்க்க மாட்டார்கள். வருவது லாரியா ஜீப்பா என்பதெல்லாம் பெருமாளின் கவலை. "கோவிந்தா" என்று ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் அப்படியே சாலையில் இறங்கியது. அந்தப் பெண்ணும் சட்டென்று நடுவில் புகுந்துகொண்டாள். பஸ்கள் நின்றன. இந்தப் பக்கம் வந்ததும் கூட்டம் ரயில் நிலையத்தைப் பார்த்துப் போக, அவள் மட்டும் பிரிந்து எங்கள் கேட்டுக்குள் நுழைந்தாள்.

ஐந்து நிமிடத்தில் என் மேஜை முன்னால் நின்றாள். "புதுசா வந்த அசிஸ்டென்ட் இன்ஜினியர் நான். ஜாயினிங் ரிப்போர்ட் டைப் பண்ணணும்."

"எந்த செக்‌ஷன் மேடம்?"

"ட்ராஃபிக் வேலைங்க. ஸ்பீடு பிரேக்கர், டிவைடர், ஜீப்ரா கோடு."

நான் சிரித்துவிடக் கூடாது என்று ரிப்பனை மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எந்த அலுவலகம், எந்த வருடம் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது, அது அப்படியே வரட்டும். அவள் பெயரையும் சொல்லப் போவதில்லை. திருப்பதியில் அதுவரை பார்க்காத கார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்திருந்த காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரேணிகுண்டா பக்கம் கம்பெனிகள் வந்தன. எல்லைக் கிராமங்களிலிருந்து பெண்கள் வேன் வேனாக வேலைக்கு வந்து இறங்கினார்கள். பையன்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போய், அங்கிருந்து மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் அவசரம். சாலை மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது.

அவளுடைய ஊர் வரதய்யபாளையத்தைத் தாண்டி, சாலை முடிந்து ஒற்றையடிப் பாதையில் போக வேண்டிய ஒரு தமிழ்க் கிராமம். அப்பா காலமெல்லாம் கூலிக்குப் போய், கடைசியில் கொஞ்சம் நிலம் கிடைத்துப் பயிர் வைத்தவர். "நைனா எனக்கு மாட்டைப் பாத்துக்க சொல்லிக்குடுத்தாரு, காரைப் பாத்துக்க சொல்லிக்குடுக்கல" என்பாள். படித்து, பரீட்சை எழுதி, எங்கள் ஆபீசின் முதல் பெண் இன்ஜினியராக வந்திருந்தாள். எனக்கு எட்டு வயது இளையவள். நாலு பேர் எதிரில் நான் அவளை மேடம் என்பேன். தனியாக இருக்கும்போது அவள் என்னை அக்கா என்பாள்.

இரண்டாம் நாள் மொட்டைக் கூட்டம் எதுவும் வரவில்லை. முக்கால் மணி நேரம் நின்றாள். வருகைப் பதிவேட்டில் 'லேட்' என்று சிவப்பு மை விழுந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப் போய், சாலையைத் தாண்டி, கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் உள்ளங்கை அந்த வெயிலிலும் ஜில்லென்றிருந்தது. அன்றிலிருந்து அது என் காலை வேலையாகிவிட்டது. மாலையில் பஸ் எங்கள் பக்கமே நிற்கும். ஆகவே வீட்டுக்குப் போவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, வேலைக்கு வருவதில்தான்.

இந்தச் செய்தி என் மாமியார் காதுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் புகுந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் பார்ப்பவர்கள். மாமியார் தன் மடி ஆசாரத்தைத் தானே காவல் காப்பவர்.

"யாரோ பொண்ணு கையைப் பிடிச்சுண்டு ரோட்டுல போறியாமே?"

"தாண்டறப்போ மட்டும்தான் அம்மா."

"தாண்டினப்புறம் விட்டுடறியோல்லியோ?"

"விட்டுடறேன்."

பொய். பேச்சு சுவாரசியத்தில் மாடிப்படி வரைக்கும் பிடித்துக்கொண்டே போன நாட்கள் உண்டு. வீட்டுக்குப் போனதும் மாமியார் சொல்லாமலே குளித்தேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளித்தேன்.

அவள் பயத்துக்குக் காரணம் தேடாதவர் ஆபீசில் கிடையாது. கூடப் பிறந்தவர் யாரோ அடிபட்டிருக்க வேண்டும் என்றார் தலைமை எழுத்தர். கண் பார்வை சரியில்லை என்றார் டிராஃப்ட்ஸ்மேன். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. பயம்தான்."

"பயத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஒரு ஜீப், ஓர் ஆட்டோவை முந்திய பஸ்ஸை முந்திக்கொண்டிருந்தது. "அதைப் பாத்துக்கினே கேக்கறீங்களே. பயப்படாதவங்களத்தான் எனக்குப் புரியல."

ஆபீசில் மற்ற இன்ஜினியர்கள் எல்லோரும் சாலையை ஜீப்பில் இருந்து பார்த்தவர்கள். இவள் ஓரத்தில் நின்று பார்த்தவள். அந்த வித்தியாசம் எனக்குப் புரிய நாளாயிற்று. ஒரு வண்டியைத் தூரத்தில் பார்த்ததும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடுவாள். "பாக்காம ஓட்டறவன் ஆபத்து இல்லக்கா. அவன் பாத்துட்டான்னா நிறுத்திடுவான். பாத்துட்டு பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கினு வர்றான் பாருங்க, அவன்தான்." அப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்களை எனக்கு வரிசையாகக் காட்டுவாள். நாங்கள் கடக்கக் காத்திருக்கும் நேரத்தில் இதுதான் பொழுதுபோக்கு. ஒருமுறை அப்படி வந்தவர் எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தரே.

சேர்ந்த இரண்டாம் மாதம் எங்கள் அலுவலக வாசலுக்கே ஒரு வேகத்தடை கேட்டு எஸ்டிமேட் போட்டாள். தனக்காகத்தான் போட்டுக்கொள்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா, எனக்காகத்தான்" என்று அவளும் சிரித்தாள். "நான் தாண்டினா இந்த ஊர்ல யார் வேணா தாண்டலாம்."

அனுமதி கிடைத்தது. காண்டிராக்டர் போட்டார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், சாலைக்குக் குறுக்கே குட்டிச்சுவர் மாதிரி ஒன்று படுத்திருந்தது. பஸ்களின் அடிவயிறு உரசிற்று. ஸ்கூட்டரில் போன ஒரு தம்பதி, ஏறும்போது இரண்டு பேராக ஏறி, இறங்கும்போது ஒருவராக இறங்கினார்கள். அந்த அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, கணவரை விட்டுவிட்டு, எங்கள் ஆபீசுக்கே வந்து திட்டினார்.

"இது என்ன, கொண்டாவா?" என்று காண்டிராக்டரைத் தெலுங்கில் கேட்டாள். கொண்டா என்றால் மலை.

"திருப்பதியில் கொண்டா இல்லாமல் எப்படி மேடம்?" என்றார் அவர்.

அவள் ஸ்கேலோடு அளப்பாள் என்று எதிர்பார்த்தேன். அளக்கவும் அளந்தாள். ஆனால் அத்தோடு விடவில்லை. டி.வி.எஸ். வண்டியில் அட்டை அட்டையாக முட்டை கட்டிக்கொண்டு கடைகளுக்குப் போடுகிற ஒருவரை நிறுத்தினாள். "வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படி இது மேல ஏறி இறங்குங்க. உடைஞ்சதுக்கு நான் பொறுப்பு."

அவர் ஏறி இறங்கினார். ஒன்பது முட்டை போயிற்று. காண்டிராக்டர் கொத்திச் செதுக்கி, மேலே தார் பூசித் திருத்தினார். மறுபடி முட்டை வண்டி. இந்தத் தடவை ஒன்றும் உடையவில்லை. ஆனால் அவர் வேகத்தையும் குறைக்கவில்லை. "இது பத்தாது, ஏத்துங்க" என்றாள். மூன்றாம் தடவை முட்டைக்காரர் தூரத்திலேயே பிரேக்கைப் பிடித்து, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினார். இரண்டு முட்டை மட்டும் விரிசல் விட்டிருந்தது. "இதான் கரெக்ட்டு" என்றாள். அன்று மதியம் உடைந்ததெல்லாம் கேண்டீனில் ஆம்லெட்டாகி, செக்‌ஷன் முழுக்க மணம். நான் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த வேகத்தடைக்குப் பிறகு, கையைப் பிடித்துக்கொண்டுதான் என்றாலும், அவள் கண்ணைத் திறந்தபடி கடந்தாள். அதற்கு முன்பு மூடிக்கொண்டுதான் கடந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் சரோஜா என்று ஒருத்தி டீக்கடை வைத்திருந்தாள். அவள் போடும் இஞ்சி டீ இவளுக்கு உயிர். ஆனால் டீக்காக ஒருநாளைக்கு இரண்டு முறை சாலையைக் கடக்க முடியுமா? நாலு மணிக்கு ஜன்னலில் நின்று கையை ஆட்டுவாள். சரோஜா கம்பிக் கூடையில் ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு, வண்டிகளைத் திட்டியபடியே கடந்து வருவாள். "இன்னாம்மா, ரோடு போடறவங்களே ரோட்டுக்குப் பயப்பட்டா எப்படி?" என்று தினமும் கேட்பாள். தினமும் இருவரும் புதிதாகக் கேட்டதுபோல் சிரிப்பார்கள்.

ஒரு வருடம் ஆகியிருக்காது. ரொம்பப் பெரிய மனிதர் ஒருவர் சுவாமி தரிசனத்துக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் போகிற வழியில் வேகத்தடை எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் ஈ.ஈ., அதாவது அலுவலகத்தின் பெரிய இன்ஜினியர், இவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்.

"அவங்க போனதும் திரும்பப் போட்டுடலாம் இல்லீங்களா சார்?"

"மறுநாளே போட்டுவிடலாம் அம்மா" என்றார் அவர் தெலுங்கில்.

ஒரே மதியத்தில் பெயர்த்தெடுத்தார்கள். மறுநாள் கார்கள் வரிசையாகப் போயின. நான் ஒரு வரி டைப் அடித்துவிட்டு நிமிர்வதற்குள் போய்விட்டன. அவ்வளவுதான். பெரிய மனிதர் எந்தக் காரில் இருந்தார் என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பப் போட வேண்டிய கோப்பு மட்டும் மெதுவாக நடந்தது. ஒரு மேஜையில் ஒரு மாதம். இன்னொரு மேஜையில் கேள்வி. 'ஏற்கெனவே போட்டதை ஏன் மறுபடி போட வேண்டும்?' அவள் பதில் எழுதினாள். 'ஏற்கெனவே எடுத்ததால்.' நான்தான் டைப் செய்தேன். அந்தப் பதிலுக்கும் ஒரு விளக்கம் கேட்டார்கள்.

நாலாவது மாதம் ஒருநாள், நாலு மணிக்கு அவள் ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். சரோஜா கூடையோடு இறங்கினாள். பாதி வழியில் ஒரு ஜீப் அவளைத் தட்டிவிட்டுப் போயிற்று. சத்தம் கேட்டு நான் எழுவதற்குள், இவள் என்னைத் தாண்டிப் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். தனியாக, வண்டிகளுக்கு நடுவில், செருப்பில்லாமல் ஓடிப் போய்ச் சரோஜாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வலியிலும் சரோஜா, "கிளாஸ் உடைஞ்சிச்சிம்மா, உனக்கு டீ இல்ல இன்னிக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்தில் இறங்கினோம். அவளால் கடக்க முடியவில்லை.

"எனக்காகத்தானேக்கா அவ கிராஸ் பண்ணா" என்றாள்.

"ஜீப்காரன் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"நான் பயந்துக்கினு உள்ள உக்காந்துட்டு, அவள அனுப்பியிருக்கேன். தெனமும்."

பத்து நாள் அவள் நாலு மணிக்கு ஜன்னல் பக்கமே போகவில்லை. டீ குடிப்பதை நிறுத்தினாள். முட்டையை வைத்துச் சாலை போட்டவள் என்று கேலி செய்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் ஈ.ஈ.யின் அறைக்குப் போய், "சார், ஒரு சைட் இன்ஸ்பெக்‌ஷன், பக்கத்துலதான்" என்றாள். அவர் நல்ல மனிதர்தான், ஜீப்பை விட்டு இறங்கியதில்லை, அவ்வளவே. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் கேட்டைத் தாண்டி, தூரத்தில் போய்த் திரும்பி, எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த சரோஜாவின் கடை முன்னால் வந்து நின்றது. இறங்கினார்கள். அவள் டிரைவரிடம் ஏதோ சொல்ல, ஜீப் கிளம்பிப் போய்விட்டது. 'சார் நடந்து வந்துடுவாரு, நீ டீசல் போட்டுக்கினு வா' என்று சொல்லியிருக்கிறாள். சார் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி வேன்களும் மலை பஸ்களும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சிறிது நேரத்தில் ஆபீஸ் முழுவதும் என் பின்னால் நின்றது.

ஈ.ஈ. கையைக் காட்டிவிட்டு, அதிகாரமாக இரண்டு அடி வைத்தார். ஒரு வேன் ஹாரன் அடித்தது. இரண்டு அடி பின்னால் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினார். மறுபடி ஏறினார். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பதினைந்து நிமிடம் கழித்து எப்படியோ பாதி தூரம் வந்து டிவைடரில் ஏறிவிட்டார்கள். அங்கே மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இருவர் நிற்க மட்டுமே அகலமுள்ள அந்தக் கல்லில், ஒரு பஸ் உரசிக்கொண்டு போகவும், ஈ.ஈ. கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அது அவள் குடையின் நுனி. அவள் கைப்பிடியை விடவில்லை. அவர் நுனியை விடவில்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் நடிக்கவில்லை. ஈ.ஈ.யைப் பயமுறுத்தக் கூட்டிப் போனவள், அவரைவிட அதிகமாகப் பயந்து நின்றுகொண்டிருந்தாள். தெரிந்தேதான் போயிருக்கிறாள்.

நான் இறங்கிப் போனேன். அவள் கையைப் பிடித்தேன். அவள் குடையைப் பிடித்திருந்தாள், குடையை ஈ.ஈ. பிடித்திருந்தார். இப்படி மூன்று பேரும் ரயில் மாதிரி கோர்த்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தோம். மாடியில் ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, ஈ.ஈ. நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கோப்பு மறுநாளே கையெழுத்தாயிற்று. அதே வாரத்தில் வேகத்தடை வந்தது. டிவைடரை அகலப்படுத்தி, நாலு பேர் நிற்கிற மாதிரி ஒரு திட்டு கட்டினார்கள். காலையும் மாலையும் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். கால் சரியான பின் சரோஜா கொஞ்சம் சாய்ந்து நடந்து வந்து கடையைத் திறந்தாள். இவள் தினமும் நாலு மணிக்கு, வேகத்தடைக்கு இந்தப் பக்கம் ஒரு நிமிடம், நடுத்திட்டில் ஐந்து நிமிடம் நின்று, தானே போய் டீ குடித்துவிட்டு வந்தாள். போய் வர முக்கால் மணி நேரம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவளைச் சித்தூருக்கு மாற்றினார்கள். 'நிர்வாகக் காரணங்களால்.' அந்த உத்தரவையும் நான்தான் டைப் செய்தேன். சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு இரண்டு தப்பாவது விடுகிறவள் நான். அன்று ஒன்றுகூட வரவில்லை. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். என்னால் முடிந்தது ஒன்றுதான். சித்தூர் ஆபீஸ் டைப்பிஸ்ட்டுக்கு போன் போட்டு, "அந்த அம்மாவுக்கு ஆபீஸ் இருக்கிற பக்கத்திலேயே வீடு பார்த்துக் கொடு" என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். நீயே தெரிஞ்சுப்பே என்று வைத்துவிட்டேன்.

பிறகு கடிதம், எப்போதாவது போன். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள், அந்தப் பெண் படித்து அமெரிக்கா போனாள். நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, நாராயணவனம் கோயிலில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். உடம்பு போட்டிருந்தாள், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, அமெரிக்கா போய்க்கினு வந்தேன்" என்று சின்னப் பெண் மாதிரி ஓடி வந்தாள். பந்திக்குக் கூப்பிடும்வரை அந்தக் கதைதான்.

"பொண்ணு வேலைக்குப் போயிட்டா. நான் சும்மா வெளிய வந்து ரோட்டோரமா நின்னு போன் பாத்துக்கினு இருந்தேன்க்கா. நிமிந்தா ரெண்டு பக்கமும் காரு நிக்குது. இன்னாடா ஆக்சிடென்ட்டான்னு பாக்கறேன். இல்ல. நான் தாண்டப் போறேன்னு நெனச்சிக்கினு நிக்கிறாங்க!"

"அப்புறம்?"

"பாவமா பூட்ச்சி. நமக்காக நிக்கிறாங்களேன்னு தாண்டிட்டேன். தனியா! அந்தப் பக்கம் போய் நின்னா, வீடு இந்தப் பக்கம் இருக்குது. திரும்பலாம்னு ஓரத்துக்கு வந்தா மறுபடியும் நிக்கிறாங்க. வந்துட்டேன். நம்பவே முடியல. மெய்யாத்தான் நின்னாங்களான்னு பாக்க இன்னொரு தபா போனேன். எட்டுவாட்டி போய் வந்தேன்க்கா. எட்டுவாட்டியும் நின்னானுங்க."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள். மகள் அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்கிறாளாம். இவளுக்கோ இன்னும் நாலு வருடம் சர்வீஸ் இருந்தது. லீவு முடிந்து போன வாரம்தான் சேர்ந்திருந்தாள். சித்தூரில் ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே போய் இருந்துடேன்" என்றேன்.

"அங்க எனக்கு இன்னாக்கா வேலை? எல்லாரும்தான் நின்னுடறாங்களே."